டோனி ஃபோர்டின் 931 ஆட்டங்கள்

மேலிருந்து கீழாக நான்கு டிவிஷன்கள் கொண்ட இங்கிலாந்தின் கால்பந்து லீக் போட்டிகளில் அதிக ஆட்டங்கள் ஆடியவர் பீட்டர் ஷில்டன். எண்ணிக்கை 1,005. அவர் கோல்கீப்பர், இங்கிலாந்து அணிக்காக 125 முறை ஆடியவர் என்பதால் அவரை அறியாத கால்பந்து ரசிகர் குறைவு. அந்தப் பட்டியலில் அவருக்கு அடுத்து 931 ஆட்டங்களுடன் நிற்கும் டோனி ஃபோர்டை அறிந்தவர்களோ மிகக் குறைவு. கோல்கீப்பர்களை விலக்கிவிட்டுப் பார்த்தால் இச்சாதனை அவருடையது. இத்தனை ஆட்டங்களில் ஒன்றுகூட நாட்டின் உச்சியில் இருந்த முதல் டிவிஷனிலோ, பிறகு வந்த பிரீமியர் லீக்கிலோ ஆடப்பட்டதல்ல. கீழ்நிலை டிவிஷன்களில் கிளப் கிளப்பாக மாறி, ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருந்து பிழைத்த ஓர் ஆட்டக்காரரின் கணக்கு அது.

அவர் 1959-இல் கிரிம்ஸ்பியில் பிறந்தார். வட கடலோரத்து மீன்பிடித் துறைமுகம் அது. ஊர் அணியான கிரிம்ஸ்பி டவுனின் மைதானம் உண்மையில் பக்கத்து ஊரான கிளீத்தோர்ப்ஸில் இருப்பதால், அந்த அணி சொந்த மைதானத்தில் ஆடும்போதும் வெளியூரில்தான் ஆடுகிறது என்பது அங்கே பழகிப்போன கேலி. 1975 அக்டோபரில், 16 வயதில், ஃபோர்ட் அந்த அணிக்காக முதன்முறையாகக் களமிறங்கினார். ஓர் அணிக்கு ஒரே ஒரு மாற்று ஆட்டக்காரர் மட்டும் அனுமதிக்கப்பட்ட காலம் என்பதால், ஒரு சிறுவனுக்கு அந்த இடம் கிடைத்ததே பெரிது. வலது ஓரத்தில் ஓடும் விங்கராகத் தொடங்கிய அவர், 1977-இல் நான்காம் டிவிஷனுக்கு இறங்கிய அணியோடு இருந்தார். 1979-இல் அது மீண்டும் மேலேறியபோதும், அடுத்த ஆண்டே மூன்றாம் டிவிஷனை வென்றபோதும் இருந்தார். பதினோரு ஆண்டுகளில் அங்கே 355 லீக் ஆட்டங்கள். அத்துடன் நிறுத்தியிருந்தாலும் ஊர்க்காரர்களின் நினைவில் நிலைத்திருப்பார்.

1986-இல் சண்டர்லாந்தில் கடனாக, அதாவது சொந்த அணியின் ஒப்பந்தத்தில் இருந்தபடியே தற்காலிகமாக, சில ஆட்டங்கள் ஆடிய பிறகு ஸ்டோக் சிட்டிக்குப் போனார். அங்கே அவருடன் ஆடியவர்களுள் ஒருவர் ஸ்டீவ் பார்க்கின். 1989-இல் இருவருமே வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுக்கு மாறினார்கள். அந்த ஆண்டில்தான் ஃபோர்டுக்கு இங்கிலாந்தின் இரண்டாம் நிலை தேசிய அணியான ‘பி’ அணியில் 2 ஆட்டங்கள் கிடைத்தன. முப்பதை எட்டிய, இரண்டாம் டிவிஷனில் ஆடும் ஒருவருக்கு அது அரிய அழைப்பு. அதற்கு மேலான அழைப்பு வரவில்லை. 1991-இல் வெஸ்ட் பிராம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக மூன்றாம் டிவிஷனுக்கு வீழ்ந்தது. அந்த ஆண்டே ஃபோர்ட் கிரிம்ஸ்பிக்குத் திரும்பினார்.

இதற்குப் பின் வருவது கீழ்நிலை ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான இறக்கம்: பிராட்ஃபோர்ட் சிட்டிக்குக் கடனாக 5 ஆட்டங்கள், பிறகு ஸ்கன்தோர்ப்பில் இரண்டு ஆண்டுகள், 1996-இல் லீக்குக்கே வெளியே இருந்த பாரோ அணி. 37 வயதில் பாரோவுக்குப் போகிறவர் லீக்குக்குத் திரும்பி வருவதில்லை. அதுவரை அவருடைய லீக் ஆட்டங்கள் 739. மதிப்புக்குரிய எண்தான், ஆனால் கோல்கீப்பர் அல்லாதவர்களில் அப்போதைய சாதனையான, சவுத்தாம்ப்டனுக்கும் ஹெரிஃபர்டுக்கும் ஆடிய டெர்ரி பெயினின் 824-ஐ அது நெருங்கவில்லை.

இங்கேதான் பார்க்கின் மீண்டும் வருகிறார். 1996-இல் மான்ஸ்ஃபீல்ட் டவுனின் மேலாளரான அவர், தன் பழைய சக ஆட்டக்காரரைத் துணைப் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் அழைத்துக்கொண்டார். இதை நட்புக்காகச் செய்த சலுகை என்று தள்ளிவிட முடியாது. லீக்கின் கடைசி டிவிஷனில் ஒரு கிளப்பால் தனித்தனியே பலருக்குச் சம்பளம் கொடுக்க இயலாது. பயிற்சி மைதானத்தில் இளைஞர்களை அதட்டவும், சனிக்கிழமை களத்தில் நின்று ஆடவும் ஒரே ஆள் போதுமென்றால் கணக்கு எளிதாகிவிடுகிறது. தன் எண்ணத்தை விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஒருவர் பக்கத்தில் இருப்பது புதிய மேலாளருக்கு இன்னும் பெரிய லாபம்.

அதற்குள் ஃபோர்ட் விங்கர் அல்ல, வலது ஓரத்தில் நின்று தடுக்கும் ரைட் பேக். நெடிய ஆயுளுக்குப் பாதிக் காரணம் இந்த இடமாற்றம் என்றே நான் நினைக்கிறேன். விங்கர் வேகம் குறைந்த அன்றே வெளியேற்றப்படுகிறார். எதிரியைத் தாண்டிச் செல்வதைத் தவிர அவரிடம் அணி வேறெதையும் கேட்பதில்லை. ரைட் பேக்குக்கு ஆட்டம் முழுவதும் கண்ணெதிரே விரிந்திருக்கிறது. தன்னை நோக்கி ஓடிவரும் இளம் விங்கர் எந்தக் கணத்தில் உள்ளே வெட்டுவான், எப்போது கோட்டை ஒட்டி ஓடுவான் என்பது இருபது ஆண்டுகள் அதே வேலையைச் செய்தவருக்குத் தெரியாமல் போகுமா? இரண்டடி முன்கூட்டியே நகர்ந்து நின்றால் ஓட்டப் பந்தயத்துக்கே அவசியம் இல்லை.

மான்ஸ்ஃபீல்டில் 103 ஆட்டங்கள் ஆடினார். பெயினின் 824-ஐக் கடந்தது அங்கேதான். 1999-இல் பார்க்கின் ரோச்டேலுக்குப் போனபோது ஃபோர்டும் உடன் சென்றார். அப்போது ரோச்டேல் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கடைசி டிவிஷனை விட்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிரீமியர் லீக் வந்த 1992-இல் அந்த டிவிஷனின் பெயர் நான்காம் டிவிஷனிலிருந்து மூன்றாம் டிவிஷன் என்று மாறியதுதான் ரோச்டேல் கண்ட ஒரே உயர்வு. நாற்பது வயதைத் தாண்டிய ஃபோர்ட் அங்கே மேலும் 89 லீக் ஆட்டங்கள் ஆடினார். கோப்பைப் போட்டிகளையும் சேர்த்து ஆயிரத்தைக் கடந்தார். 2000-இல் பிரிட்டிஷ் அரசு வழங்கும் எம்.பி.இ. விருது வந்தது.

931 என்பதன் அளவை இப்படியும் பார்க்கலாம். கடைசி டிவிஷனில் ஓர் அணிக்கு ஒரு சீசனுக்கு 46 லீக் ஆட்டங்கள். காயம், தடை, மேலாளரின் கோபம் எதனாலும் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாதவருக்கே இந்த எண்ணை எட்ட இருபது சீசன்களுக்கு மேல் ஆகும். பதினாறு வயதில் தொடங்க வேண்டும், நாற்பதைத் தாண்டியும் அணியில் இருக்க வேண்டும், இடையில் எந்த மேலாளரும் கைவிட்டுவிடக் கூடாது. 2011-இல் பர்ன்லியின் கிரஹாம் அலெக்சாண்டர் எல்லாப் போட்டிகளையும் சேர்த்து ஆயிரம் ஆட்டங்களை எட்டினார். அவரும் நெடுங்காலம் ரைட் பேக்காக ஆடியவர், ஸ்கன்தோர்ப் அணியில் ஆடத் தொடங்கியவர் என்பது இனிமையான பொருத்தம். ஆனால் அவருடைய கணக்கில் ஸ்காட்லாந்துக்காக ஆடிய 40 ஆட்டங்களும் உண்டு. லீக் ஆட்டங்களை மட்டும் எண்ணினால் ஃபோர்டை அவரும் நெருங்கவில்லை.

ஃபோர்டின் ஆட்டம் நின்றது காயத்தாலோ கால் தளர்ந்ததாலோ அல்ல. 2001 நவம்பரில் இரண்டாம் நிலை டிவிஷனில் இருந்த பார்ன்ஸ்லி, பார்க்கினை மேலாளராக அழைத்தது. துணையாக ஃபோர்டையும் அவர் கூட்டிச் சென்றார். பார்ன்ஸ்லிக்கு ரைட் பேக் தேவைப்படவில்லை.