யானைக் காட்டில் முன்னால் நடப்பவர்

ஆனைமலைப் பகுதியில் டாப்ஸ்லிப், பரம்பிக்குளம் பக்கம் காட்டு நடைக்குக் கூட்டிப் போகிறவர்களில் காடர், மலசர் பழங்குடி ஆட்கள் நிறைய உண்டு. யானை லத்தி (சாணம்) ஈரமாக, உள்ளே சூடாக இருந்தால், யானை பக்கத்தில்தான் என்று அங்கேயே நிறுத்திவிடுவார்கள். முன்னங்கால் தடத்தைச் சுற்றிக் கயிறு வைத்து அளந்து, அதை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய தோள் உயரம். நாலரை அடிச் சுற்றளவு என்றால் 9 அடி. அநேகமாக ஆண் யானைதான்.

அதைவிட முக்கியம் காற்று. பொடிமண்ணைத் தூவிப் பார்த்து, காற்று முகத்தில் படும் பக்கமாகவே நடத்துவார்கள். வெயில் ஏறினால் மலைச்சரிவில் காற்று கீழிருந்து மேலே திரும்பும். விடியற்காலையில் சரியாக இருந்த பாதை, பத்து மணிக்கு நம் வாடையை நேரே யானையிடம் கொண்டுபோகும். இதில் சென்ட் அடித்துக்கொண்டு வேறு வருகிறார்கள்!

உண்ணிச்செடி மண்டிய வளைவுகளில் பத்தடியில் நிற்கும் யானைகூடக் கண்ணுக்குத் தெரியாது. அங்கே வழிகாட்டி கையைத் தூக்கினால், செல்போனை எடுக்காமல் அப்படியே நில்லுங்கள்.