ஒரு கடைக்கு மூன்று டம்ளர்

எங்கள் பக்கத்து டீக்கடைகளில் நின்று ‘ஒரு காபி’ என்று சொன்னால், ‘புரூவா, ஃபில்டரா?’ என்று திருப்பிக் கேட்கும் கடை பத்துக்கு ஒன்று தேறினால் பெரிது. மற்ற இடங்களில் கேள்வியே கிடையாது. மாஸ்டர் ஒரு பொட்டலத்தைக் கிழித்துக் கொதிக்கும் பாலில் கொட்டி, இரண்டு ஆற்று ஆற்றிக் கையில் கொடுத்துவிடுவார். வடசென்னை அடிப்படையில் டீ குடிக்கும் ஊர். துறைமுகத்து வாசலில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிக்காரர்களுக்கும், காசிமேட்டில் விடியுமுன் ஏலத்துக்குக் காத்திருப்பவர்களுக்கும் டிகாக்ஷன் இறங்கும்வரை பொறுத்திருக்க நேரமில்லை என்பது நியாயம்தான். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்கிற கடைகளைத் தேடி, கடந்த ஓராண்டாக ஞாயிற்றுக்கிழமைகளிலும், வேலை நாள்களில் அலுவலகத்துக்கு முன்னும் பின்னுமாகவும், திருவொற்றியூர் முதல் பாரிமுனை வரையிலும், மேற்கே பெரம்பூர் வரையிலும் சுற்றிக்கொண்டிருக்கிறேன். பெரிய நிறுவனங்களின் கிளைகளை விட்டுவிட்டேன். ஒரு குடும்பமோ ஓர் ஆளோ சொந்தப் பணத்தைப் போட்டு நடத்தும் கடைகள் மட்டுமே என் கணக்கில் சேரும்.

தொடக்கத்தில் ஒரு கடைக்கு ஒரு முறை போய், குடித்து, வீட்டுக்கு வந்து எழுதி வைத்தேன். அந்தக் குறிப்புகளை இப்போது படித்தால் பாதி தவறு என்று தெரிகிறது. காலை ஐந்தரை மணிக்கு இறக்கிய முதல் டிகாக்ஷனில் அபாரமாக இருந்த கடை, பதினொரு மணிக்குப் போனால் வேறு கடையாகிவிடுகிறது. டிகாக்ஷனைப் பாய்லர் சூட்டிலேயே வைத்திருந்தால் முதலில் மணம் போகும். அதன் பிறகு கசப்பும் ஒரு விதமான புளிப்பும் தலைதூக்கும். இது போதாதென்று, அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கிய இரண்டாம் டிகாக்ஷனை முதலாவதோடு கலந்து ஒப்பேற்றுவார்கள். ஆகவே இப்போது ஒரு கடைக்கு மூன்று டம்ளர் என்று வைத்திருக்கிறேன்: விடியற்காலை ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மாலை ஐந்துக்கு ஒன்று, மூன்றும் வெவ்வேறு நாள்களில். சர்க்கரை போடாமல் வாங்கி, இரண்டு வாய் குடித்த பிறகு கேட்டுப் போட்டுக்கொள்கிறேன். சர்க்கரை இல்லாத காபியைக் கேட்டால் எல்லாக் கடையிலும் ஒரே அனுதாபப் பார்வைதான் கிடைக்கிறது. எனக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று விளக்குவதை நிறுத்திவிட்டேன்.

முதலில் திருவொற்றியூர். தேரடி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகைகூட மங்கிப்போய்விட்டது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ தடம் 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் சாலையைத் தோண்டிப்போட்டுத் தடுப்பு வைத்திருந்தபோது கடை எப்படி உயிரோடு இருந்தது என்று பெரியவரிடம் கேட்டேன். ‘வேலை செஞ்ச பசங்களே வந்து குடிச்சாங்கம்மா’ என்றார். கல்லாவுக்குப் பின்னால் இரண்டு பித்தளை ஃபில்டர்கள் இருக்கின்றன. மேல்பாத்திரத்தில் பொடியைப் போட்டு, குடையை வைத்து லேசாக மட்டுமே அழுத்துகிறார். அழுத்தினால் தண்ணீர் இறங்காது, அழுத்தாவிட்டால் தண்ணீர் ஓடிவிடும், இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவு கையில்தான் இருக்கிறது. வெந்நீர் ஊற்றி இருபது நிமிடம் கழித்துத்தான் டம்ளரைத் தொடுகிறார். அதற்குள் அவசரப்படுகிறவர்களுக்குப் பக்கத்துக் கடையைக் காட்டிவிடுகிறார்.

இந்தக் கடையில்தான் தண்ணீரைப் பற்றி எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. காபியில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் கடையை மதிப்பிடும்போது யாரும் அதைக் கேட்பதில்லை. காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தண்ணீர் தரும் அளவில் கட்டப்பட்டது. எங்கள் பக்கத்துக் குழாய்களில் அந்தத் தண்ணீரும் புழல் ஏரித் தண்ணீரும் மாறி மாறியும் கலந்தும் வருகின்றன. பெரியவர் குழாயில் வரும் அந்த மெட்ரோ தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் பயன்படுத்துகிறார். ஒரு மாதம் கேன் தண்ணீருக்கு மாறியபோது வழக்கமாக வருகிறவர்கள் ‘என்ன பெரியவரே, பொடிய மாத்திட்டீங்களா?’ என்று கேட்டார்களாம். இது அவர்களின் கற்பனை இல்லை. உப்புகளை எல்லாம் வடித்துவிட்ட தண்ணீரில் காபி சப்பென்றுதான் இறங்கும், பொடியிலிருந்து சுவையை இழுப்பதற்குத் தண்ணீரில் கொஞ்சம் கால்சியமும் மக்னீசியமும் வேண்டும். அதுவே அளவுக்கு மீறினால், நம் பக்கத்துப் போர் தண்ணீரைப் போல, காபியின் மெல்லிய புளிப்பையெல்லாம் மழுக்கிவிடும். பாலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. மாதவரம் பால்பண்ணை கூப்பிடு தூரத்தில் இருக்க, பச்சைப் பாக்கெட் நேரத்துக்கு வந்துவிடுகிறது. நீல நிறப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. டிகாக்ஷன் கள்ளிச்சொட்டாக இருந்தால் பச்சையே போதும் என்பது பெரியவரின் கட்சி, என் கட்சியும் அதுதான்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடையில் உட்கார இடமில்லை. விடியற்காலை இருட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நிற்கும் நடைபாதையில் ஒரு பெண் டம்ளரோடு நிற்பது இன்னும் எல்லோருக்கும் பழகவில்லை. யாரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசியதில்லை. ஆனால் நான் போனதும் பேச்சு நின்றுவிடுகிறது, ஒருவர் சிகரெட்டை மறைக்கிறார், இன்னொருவர் ‘அக்காவுக்கு முதல்ல குடுப்பா’ என்கிறார். அந்த மரியாதையால் என் முறை வருமுன்பே எனக்குக் காபி கிடைத்துவிடுகிறது. எனக்கு வேண்டியது வரிசையில் மற்றவர்களைப் போல நிற்பது மட்டும்தான். ஐந்தாறு முறை போன பிறகு பேச்சு நிற்பது குறைந்திருக்கிறது.

பாரிமுனையில், செட்டித் தெருக்களில் ஒன்றில், வறுத்து அரைத்து விற்கும் ஒரு சிறிய கடை வாசலிலேயே டம்ளர் காபியும் கொடுக்கிறது. அரைக்கும் இயந்திரத்தின் வாசனை தெரு முனையிலேயே பிடித்துக்கொள்ளும். இங்கே காபி குடிப்பதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்காகத்தான் அதிகம் போகிறேன். பிளாண்டேஷன் என்பது கழுவிப் பதப்படுத்திய அராபிகா, செர்ரி என்பது பழத்தோடு உலர்த்தியது, பார்ச்மென்ட் என்பது கழுவிய ரொபஸ்டா. பீபரி என்பது தனி ரகம் இல்லை, ஒரு பழத்துக்குள் இரண்டு பருப்பாகப் பிரியாமல் ஒன்றாகவே உருண்டு விளைந்த கொட்டை. இவ்வளவும் அந்தக் கல்லாவில் இருப்பவர் பொடி நிறுக்கும் இடைவெளியில் சொல்லிக்கொடுத்தவை. சிக்கரி எவ்வளவு கலப்பீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். ‘நீங்க எவ்ளோ கேக்கறீங்களோ அவ்ளோம்மா’ என்றார். கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், எவ்வளவு சிக்கரி என்பதைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது விதி. சிக்கரியைக் கலப்படம் என்று திட்டுகிறவர்கள் கட்சியில் நான் இல்லை. குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளையும் அந்தக் கிழங்கை வறுத்துச் சேர்ப்பதால்தான் டிகாக்ஷனுக்கு நிறமும் கனமும் வருகிறது. அதில் கஃபீன் துளியும் இல்லை, ஆகவே சிக்கரி கூடக்கூட டம்ளர் கறுக்கும், தலைவலி மட்டும் தீராது. எண்பதுக்கு இருபது வரை எனக்குச் சம்மதம். அந்தக் கடையின் வாசல் காபி அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சிக்கரியோடு இருப்பதாக என் நாக்கு சொல்கிறது. மூன்று வேளையும் ஒரே மாதிரி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சவுகார்பேட்டையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மின்ட் தெருவின் சந்துகளில் பால் கெட்டி, ஏலக்காய் தாராளம், சர்க்கரை அதைவிடத் தாராளம். அது நல்ல பால். காபியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெரம்பூருக்கு வருகிறேன். அங்கே, மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தெருவில், இளைஞர் ஒருவர் வீட்டின் கீழ்த்தளத்தை மாற்றி எஸ்பிரெஸோ இயந்திரத்தோடு ஒரு கடை திறந்திருக்கிறார். இப்படி ஒரு கடை சாத்தியமானதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. இந்தியாவில் தோட்டக்காரர்கள் தங்கள் விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்ற ஏற்பாடு 1940களிலிருந்து இருந்தது. எல்லோருடைய கொட்டையும் ஒன்றாகக் கலந்துபோகும் இடத்தில் எந்தத் தோட்டத்துக் காபி என்ற கேள்விக்கே பொருளில்லை. தொண்ணூறுகளில் அந்தக் கட்டு படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முழுவதுமாக நீங்கியது. பெரம்பூரில் சுவரில் சாக்பீஸால் ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றின் பெயரை எழுதி வைக்க முடிவது அதனால்தான்.

எழுதி வைத்தது சரி. முதல் நாள் எனக்குக் கிடைத்த காபி கரி. வறுத்த தேதி என்ன என்று கேட்டேன்; பையில் தேதியே இல்லை. நூற்றித் தொண்ணூறு ரூபாய் கொடுத்துவிட்டு, பாதிக் கோப்பையை வைத்துவிட்டு வந்தேன். பழைய வழக்கப்படி ஒரு முறையோடு நிறுத்தியிருந்தால், அன்று இரவே கோபமாக ஒரு பத்தி எழுதி முடித்திருப்பேன். மூன்று டம்ளர் விதி இருந்ததால் அடுத்த வாரம் பதினொரு மணிக்குப் போனேன். இயந்திரத்தில் அந்த இளைஞருக்குப் பதில் ஒரு பெண் நின்றிருந்தார். முதலில் ஒரு ஷாட் இறக்கினார், கடிகாரத்தைப் பார்த்தார், கீழே கொட்டினார், அரைப்பானைத் திருகினார், மறுபடி இறக்கினார். ‘பதினெட்டு கிராம் மேடம், இருபத்தெட்டு செகண்டு வரணும், காலைல மழைக்கு மாறிடுச்சு’ என்றார். அந்தக் கோப்பையில் ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறியது போன்ற ஒரு வாசம் இருந்தது. ஏற்காட்டு மிளகுக்கொடிக்கும் ஆரஞ்சு மரத்துக்கும் நடுவே விளைந்தது என்று யாராவது சொன்னால் நம்பியிருப்பேன். மூன்றாம் முறை, மாலையில், மறுபடி அந்த இளைஞர், மறுபடி கரி. ஆக என் தீர்ப்பு விநோதமாகத்தான் இருக்கிறது: அந்தப் பெண்ணின் ஷிப்டில் போனால் வடசென்னையில் நான் குடித்த மிகச் சிறந்த பாலில்லாக் காபி அங்கே கிடைக்கும்.

நூற்றித் தொண்ணூறு ரூபாய் நியாயமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. தேரடியில் அதே பணத்துக்கு ஒன்பது டம்ளர் குடிக்கலாம். ஆனால் பெரம்பூரில் நான் ஒன்றரை மணி நேரம் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தேன், யாரும் சிகரெட்டை மறைக்கவில்லை. பக்கத்து மேசையில் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒரே கோப்பையைப் பகிர்ந்துகொண்டு மாலை முழுவதும் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணத்தில் எவ்வளவு காபிக்கு, எவ்வளவு நாற்காலிக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டம்ளர் கடைகளும் விலையை ஏற்றிவிட்டன. பிரேசிலில் வறட்சி வந்து, 2025 பிப்ரவரியில் அராபிகாவின் உலகச் சந்தை விலை ஒரு பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டியபோது, அந்தச் சூடு இங்கேயும் வந்து சேர்ந்தது. விலையை ஏற்றிய கடைகள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஏற்றாமல், டம்ளரின் நிறம் மட்டும் கறுத்துக்கொண்டே போன ஒரு கடையை என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

கடைசியாகக் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் கோலெட்டின் பெயரால் நெசவாளர்களுக்காக உண்டான கோலெட்பேட்டைதான் வாய்க்கு வாய் மாறிக் காலடிப்பேட்டை ஆயிற்று. பெருமாள் கோயில் பக்கத்துச் சந்தில் அண்ணன் தம்பி இருவர் நடத்தும் கடை அங்கே இருக்கிறது. முதலில் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது. பித்தளை ஃபில்டர் இல்லை, வீட்டில் வைத்திருப்பது போன்ற நடுத்தர எவர்சில்வர் ஃபில்டர் ஒன்றுதான். பிறகுதான் புரிந்தது, ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார்கள். காலைக் காபி தேரடிக் கடைக்கு ஒரு படி கீழே. மாலைக் காபி அதற்குச் சமம். மீதியிருந்தது பதினொரு மணி டம்ளர். சென்ற சனிக்கிழமை போனேன், பதினொன்றேகால் இருக்கும். தம்பி என் முகத்தைப் பார்த்ததுமே கையை விரித்தார். ‘டிகாக்ஷன் தீந்துபோச்சுக்கா. அடியில கொஞ்சம் கெடக்குது, அத உங்களுக்குக் குடுக்க மாட்டேன். புதுசு எறங்க அரை மணி ஆவும்.’

அரை மணி நேரம் நிற்க அன்று எனக்கு முடியவில்லை. அங்கேயே ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். டீ சுமார்தான்.