முன் டிஃபரன்ஷியல் ஊளை ஒருவழியாக அடங்கியது

என் ஏ.டி.வி.யின் (மணலிலும் காட்டிலும் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) முன் டிஃபரன்ஷியலில், அதாவது இரண்டு முன் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரக் கூட்டில், வந்த ஊளை நின்றுவிட்டது. பண்ருட்டிப் பக்கம் மாமாவின் முந்திரித் தோப்பில், செம்மணல் தடத்தில், முழு த்ராட்டில் கொடுத்தும் பார்த்தேன், சட்டென்று விட்டும் பார்த்தேன். இன்ஜின் சத்தமும் சி.வி.டி. (தானாக கியர் விகிதம் மாற்றும் அமைப்பு) பெல்ட் சத்தமும் தவிர வேறொன்றும் காதில் விழவில்லை. "முன்பக்கக் கூண்டைத் (டிஃபரன்ஷியலை) தூக்கிப் போட்டுட்டு பின் சக்கரத்துலயே ஓட்டு" என்று ஆலோசனை சொன்னவர்கள் தோப்புக்கு வந்து கேட்டுவிட்டுப் போகலாம்.

வண்டியின் பூர்வீகம் கொஞ்சம் பாவம். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை ஒட்டி சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது, கடலூரில் ஒரு ஷெட்டுக்குள் வெள்ளத்தில் நின்ற ஏ.டி.வி. அதனால்தான் என் விலைக்குக் கிடைத்தது. முன் டிஃபரன்ஷியலின் டிரெய்ன் பிளக்கைக் கழற்றியபோது வந்தது எண்ணெய் இல்லை, ஆறிப்போன பால் டீ. பிரீதர் குழாயின் (உள்ளே காற்று போய்வரும் குழாய்) நுனி தண்ணீருக்குள் போய்விட்டால் சீல் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. ஓடையில் இறக்குகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: சூடான ஹவுசிங் (டிஃபரன்ஷியலின் வெளிக் கூடு) குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, அதுவே தண்ணீரை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும்.

சத்தம் எங்கிருந்து என்பதில்தான் ஆளாளுக்கு ஒரு கருத்து. என் வண்டியில் டூ வீல், ஃபோர் வீல் மாற்றும் கிளட்ச் டிஃபரன்ஷியலின் வாயிலேயே, பினியன் (இன்ஜின் விசையைக் கொண்டுவரும் சின்னப் பற்சக்கரம்) பக்கத்தில் இருக்கிறது. அதாவது டூ வீலில் ஓட்டினாலும் முன் சக்கரங்கள் கிரவுனையும் (பினியனோடு பல் கோக்கும் பெரிய பற்சக்கரம்) பினியனையும் சும்மா சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஊளை இரண்டு நிலையிலும் வந்தது, திருப்பத்தில் கூடவும் இல்லை. ஸ்டார் பினியன்கள் (உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள்) தம் அச்சில் சுழல்வது இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் ஓடும்போது மட்டும்தான். ஆக அவை குற்றவாளி இல்லை. நேராகப் போகும்போதே ஊளையிட்டால் கிரவுன் பினியனோ அதைத் தாங்கும் பேரிங்கோதான். திறந்து பார்த்தால் பேரிங் இரண்டும் துரு, கிரவுன் பற்கள் மட்டும் அதிர்ஷ்டவசமாகக் குழி விழாமல் இருந்தன. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தி வருபவை, ஒன்றை மட்டும் மாற்ற முடியாது, இறக்குமதி ஜோடியின் விலையைக் கேட்டால் அந்தக் காசுக்கு வேறு பழைய வண்டியே வாங்கலாம் போலிருந்தது.

பேரிங் மாற்றுவதெல்லாம் சாதாரண வேலை. எண் பார்த்து வாங்கினால் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். என் தூக்கத்தைக் கெடுத்தது கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே இருக்கும் பிளே, அதாவது பற்களுக்கு இடையே உள்ள இளக்கம்.

லாரிக் கூண்டில் இது எளிது. இரண்டு பக்கமும் அட்ஜஸ்ட்டிங் நட் இருக்கும், ஒரு பக்கம் தளர்த்தி மறுபக்கம் இறுக்கினால் கிரவுன் நகரும். நம் அலுமினிய ஹவுசிங்கில் அந்தச் சொகுசு கிடையாது. ஷிம்தான், அதாவது இடையில் வைக்கும் மெல்லிய வளையத் தகடு. திற, ஷிம் மாற்று, மூடு, போல்ட் எல்லாவற்றையும் சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கு, அள. பிடிக்கவில்லையா, மறுபடி திற. எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல்.

அளப்பதற்கு சாதாரண பிளஞ்சர் டயல் கேஜ் உதவாது, உள்ளே நுழையாது. ஆக்ஸில் ஸ்ப்ளைனைப் பிடித்து ஆட்டி வெளியிலிருந்து அளந்தால் சன் பினியன் (ஆக்ஸிலைச் சுற்றும் உள் பற்சக்கரம்), ஸ்டார் பினியன் இடையே உள்ள பிளேயும் சேர்ந்துகொண்டு பொய்க் கணக்கு வரும். எண்ணெய் ஊற்றும் துளை வழியாக லீவர் டயலின் (பக்கவாட்டில் ஆடும் சின்ன விரல் கொண்ட அளவுக் கருவி) விரலை விட்டு, கிரவுனின் பல் மேலேயே தொட வைத்து, பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு, கிரவுனை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். விரல், பல் நகரும் திசைக்குக் குறுக்கே படுத்திருக்க வேண்டும். 30 டிகிரி சாய்ந்தால் காட்டும் எண்ணில் 0.87 பங்குதான் உண்மை, அதாவது 0.20 என்று காட்டினால் நிஜத்தில் 0.17. சின்ன வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் நாம் அடித்துக்கொள்வதே அந்த அளவுக்குத்தான். ஓரிடத்தில் அளந்தால் போதாது, கிரவுனைச் சுற்றி மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். மூன்றும் வேறு வேறாக வந்தால் கிரவுன் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, ஷிம் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது.

பழைய பேரிங்கோடு 0.42 மி.மீ. புது பேரிங் போட்டதும் 0.31. கையேடு கேட்பது 0.05 முதல் 0.25 வரை. கிரவுனைப் பினியன் பக்கம் 0.1 மி.மீ. தள்ளினால் பிளே ஏறக்குறைய 0.07 குறையும். அப்படியானால் 0.2 தள்ள வேண்டும்: கிரவுனின் முதுகுப் பக்கம் 0.2 கூட்டி, எதிர்ப்பக்கம் அதே 0.2 குறைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யாமல் ஒரு பக்கம் மட்டும் கூட்டினால் பேரிங் நெரிந்து, விரட்டிய ஊளை வேறு குரலில் திரும்பி வரும்.

அந்த 0.2-க்கு ஷிம் எங்கே? சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் விசாரித்தேன், கார் ஷிம்தான் இருக்கிறது, விட்டம் சேரவில்லை. கடைசியில் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை மாஸ்டர் தடித்த வாஷரைக் கடைந்து, சர்ஃபேஸ் கிரைண்டிங்கில் காந்தத்தில் படுக்க வைத்து இரண்டு முகமும் இழைத்துக் கொடுத்தார். "தம்பி, லாரிக் கூண்டுன்னா கையால ஆட்டியே சொல்லிடுவேன், இதுக்கு எதுக்கு இத்தனை டயலு?" என்று கிண்டல் வேறு. லீவர் டயலும் அவருடையதுதான், ஜப்பான்காரன் மிட்டுடோயோ, துணியில் சுற்றி டப்பாவில் வைத்திருப்பார். டயலைக் கொடுத்ததைவிட அதைத் திருப்பி வாங்குவதில்தான் மனிதர் குறியாக இருந்தார்.

இப்போது 0.17, மூன்று இடத்திலும் கிட்டத்தட்ட அதே. அதோடு விடாமல் கிரவுன் பற்களில் ப்ளூ (பற்கள் தொடும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம்) தடவிச் சுற்றிப் பார்த்தேன். பல்லின் நடுவில், உயரத்தில் மையமாக, நீளவாக்கில் உள்முனைப் பக்கம் லேசாகச் சாய்ந்த முட்டை வடிவக் கறை. சுமை ஏறும்போது கறை வெளிமுனைப் பக்கம் நகரும், அதனால் வெறுமையில் உள்ளே கொஞ்சம் சாய்ந்திருப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். கறை பல்லின் அடியில் விழுந்தால் பினியன் அதிகமாக உள்ளே போயிருக்கிறது, உச்சியில் விழுந்தால் வெளியே நிற்கிறது. எனக்குப் பினியன் ஷிம்மைத் தொடவே வேண்டியிருக்கவில்லை, குலதெய்வத்துக்கு நன்றி.

டிஃப் லாக் (இரண்டு முன் சக்கரமும் ஒரே வேகத்தில் சுழலப் பிணைக்கும் பூட்டு) மட்டும் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. திறந்த டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் சம டார்க் கொடுக்கும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுற்ற எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் தரையில் இருக்கிற சக்கரத்துக்கும் கிடைக்கும், வண்டி நகராது. லாக்கில் ஒரு சின்ன மோட்டார் ஸ்லீவைத் (நகரும் பல் வளையத்தை) தள்ளி, ஒரு பக்கத்து சன் பினியனைக் கூண்டோடு (இங்கே கூண்டு என்பது கிரவுன் பொருத்தியிருக்கும் உள் சட்டம்) பிணைக்கிறது. ஒரு பக்கத்தைப் பிணைத்தால் போதுமா என்று கேட்பவர்களுக்கு: கூண்டின் வேகம் இரண்டு சக்கர வேகத்தின் சராசரி. ஒன்று கூண்டுக்குச் சமமானால் மற்றதும் தானாகச் சமமாகித்தான் ஆக வேண்டும். என் வண்டியில் லாக் விழுகிறது, விடுபட மறுக்கிறது. ஸ்லீவின் பற்களில் டார்க் சிக்கியிருந்தால் மோட்டாருக்கு அதை இழுக்கத் தெம்பு போதாது, ஹேண்டிலை நேராக்கி ஒரு அடி ரிவர்ஸ் எடுத்தால் 'டக்' என்று விடுகிறது. மோட்டாரின் கனெக்டரில் வெள்ளத்தின் பச்சைத் துரு இருக்கிறது, முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

அதைப் பார்ப்பதற்குள் பிரீதர் வேலையில் இறங்கிவிட்டேன். முன்னும் பின்னும் வருகிற குழாய்களை நீட்டி, ஹேண்டில் உயரத்துக்கு ஏற்றி, நுனியில் சின்ன ஃபில்டர். அப்புறம் பின்பக்கம். அங்கே டிஃபரன்ஷியலே கிடையாது, இரண்டு சக்கரமும் ஒரே ஆக்ஸிலில். மணலில் ராஜா, தார் ரோட்டில் திருப்பினால் டயர் கதறும். எப்படியும் ரோட்டில் ஓட்டுகிற வண்டி இல்லை, தோப்புக்கு டாடா ஏஸில்தான் போகிறது.

மறுபடி முன்பக்கம்: வலது ஆக்ஸில் சீல் லேசாகக் கசிந்தது. அதே அளவில் கடைச் சீல் போட்டிருக்கிறேன், ஆனால் ஒரிஜினலில் இருக்கிற வெளித் தூசி உதடு இதில் இல்லை, நம் மணலுக்கு எத்தனை நாள் தாங்குமோ. தூசி உதட்டோடு அந்த அளவுச் சீல் கடலூர், புதுச்சேரி பக்கம் யாராவது வாங்கியிருந்தால் கடையைச் சொல்லுங்கள், 80டபிள்யூ-90 கியர் எண்ணெய் ஊற்றும் முன் மாற்றிவிடுகிறேன். இப்போதைக்கு உள்ளே இருப்பது கழுவுவதற்காக ஊற்றிய எண்ணெய்தான்.