சரியாக இருந்த கணக்கு

2016 நவம்பர் 10, வியாழக்கிழமை. பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று எட்டாம் தேதி ராத்திரி அறிவிப்பு வந்து, ஒன்பதாம் தேதி வங்கிகளை மூடி, மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினால் வரிசை பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நிற்கிறது. திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர்க் கிளை அது. கேஷ் கவுன்ட்டர் மொத்தம் இரண்டுதான். ஒன்றில் நான், வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருஷம். இன்னொன்றில் ஓய்வு பெற நாலு வருஷம் பாக்கியிருந்த ஓர் அண்ணன்.

எனக்குக் கை வேகம். ஆளுக்கு 4000 ரூபாய் வரை பழைய நோட்டை மாற்றிக் கொடுக்கலாம் என்பது அப்போதைய வரம்பு. ஃபார்மை வாங்கி, அடையாள அட்டை ஜெராக்ஸைப் பார்த்து, நோட்டை மெஷினில் விட்டு, இரண்டு புது இரண்டாயிரத்தை நீட்டி அனுப்ப எனக்கு ஒன்றரை நிமிஷம் போதும். அண்ணன் ஒவ்வொரு நோட்டையும் தொட்டுப் பார்ப்பார். பாட்டிகளுக்கு ஃபார்ம் எழுதிக் கொடுப்பார். "அந்தக் கவுன்ட்டருக்குப் போனா பொழுது விடிஞ்சிரும்" என்று ஜனங்கள் சத்தமாகவே சொல்லிக்கொண்டு என் வரிசைக்கு மாறுவார்கள். மேனேஜர் வேறு எல்லார் முன்னாலும் "தம்பி இல்லேன்னா கிளையே நாறிப்போயிருக்கும்" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஐந்து மணிக்குக் கவுன்ட்டரை மூடி, கேஷ் டேலி ஆனதும் நான் டீ குடிக்கப் போய்விடுவேன். ஒரு நாள்கூட ஒரு ரூபாய் முன்னே பின்னே வந்ததில்லை. அண்ணன் மட்டும் கேஷ் ரூமில் உட்கார்ந்து, செஸ்ட்டுக்கு, அதாவது கிளைகளின் பணம் போய்ச் சேரும் கரன்சி கிடங்குக்கு, அனுப்ப வேண்டிய பழைய நோட்டைப் பண்டல் போட்டுக்கொண்டிருப்பார். மெதுவான ஆள், முடிக்க நேரமாகிறது என்றுதான் நினைத்தேன்.

15ஆம் தேதி சாயங்காலம் நோட்டுகளைப் பெட்டியில் அடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். நூறு நோட்டு ஒரு பாக்கெட். அதைச் சுற்றி ஒரு காகித ஸ்லிப், அதில் எண்ணியவர் கையெழுத்தும் தேதியும். செஸ்ட்டில் எண்ணும்போது குறைந்தால் அந்தக் கையெழுத்துக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். அடுக்கும்போது கண்ணில் பட்டது: எல்லாவற்றிலும் அண்ணன் கையெழுத்துதான் அதிகம். நான் போட்ட பாக்கெட் அவர் போட்டதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். என் கையெழுத்தெல்லாம் எங்கே போயிற்று?

"அண்ணே, என் பாக்கெட்டைப் பிரிச்சீங்களா?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஓர் ஆயிரம் ரூபாய் பாக்கெட்டை எடுத்து மேஜையில் தட்டினார். நாலு பக்கமும் சுவர் மாதிரி நேராக நின்றது. பிறகு விசிறி மாதிரி விரித்தார். நடுவில் ஓர் ஐந்நூறு. பழைய ஐந்நூறு, ஆயிரத்தைவிட ஒரு சென்டிமீட்டர் குட்டை. தட்டினால் உள்ளே பதுங்கிக்கொள்ளும். எங்கள் பழைய மெஷினுக்கு எண்ணத்தான் தெரியும், எந்த நோட்டு என்று பார்க்கத் தெரியாது.

"இதோட ஜோடி எங்கயோ ஐந்நூறு பாக்கெட்ல ஆயிரமா உக்காந்திருக்கும் தம்பி. மொத்தத்துல கணக்கு சரியா வந்துரும். அதான் உனக்குத் தெரியல."

கணக்கு சரி, பாக்கெட் இரண்டும் தப்பு. ஒன்று கிடைத்துவிட்டால் மற்றது எதில் என்று தெரியாது. ஐந்நூறு பாக்கெட் அத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். அவர் ராத்திரி ஒன்பது, பத்து மணி வரை உட்கார்ந்தது அதற்குத்தான். பிரித்த பாக்கெட்டில் என் ஸ்லிப்பைத் திரும்பப் போட முடியாது, அதனால் தன் கையெழுத்து. இனி அதில் ஐந்நூறு குறைந்தால் அவர் சம்பளத்தில் போகும்.

என் ஒன்றரை நிமிஷத்தில் நான் மிச்சம் பிடித்த நேரத்துக்கான கடனை இவர் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வாயில் வார்த்தையே வரவில்லை. "ஏண்ணே மொத நாளே சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"சொல்லியிருந்தா மறுநாள் கை நடுங்கி உக்காந்திருப்பே. வெளிய கூட்டத்தப் பார்த்தேல்ல?"

பெரிய மனசுதான். ஆனால் இத்தனை வருஷம் கழித்து, நானே ஆபீஸராகி என் கீழே பையன்கள் வேலை பார்க்கும்போது, அவர் செய்தது சரியில்லை என்றே தோன்றுகிறது. அடுத்தவன் தப்பைச் சத்தமில்லாமல் சரிசெய்பவரை நல்ல மனுஷர் என்போம். கூட வேலை செய்கிறவனுக்கு அது உதவி இல்லை. அவர் அன்றைக்கு லீவு போட்டிருந்தால்? முதல் நாளே முகத்துக்கு நேராக "நீ அவசரப்படுறே" என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள்தான் கை நடுங்கியிருக்கும். இப்போது என் கிளையில் யாராவது இன்னொருவருக்காக மூடிமறைப்பது தெரிந்தால் தப்பு செய்தவனைவிட மறைத்தவரைத்தான் முதலில் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று அவர் கேட்டால் பதில் இல்லை. அவர் அப்படி மூடியிருக்காவிட்டால் என் சர்வீஸ் ரெக்கார்டில் இன்னேரம் ஒரு மெமோ இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் ஆயிரத்துக்கு ஒரு டிரே, ஐந்நூறுக்கு ஒரு டிரே என்று பிரித்து வைத்துக்கொண்டேன். மெஷினில் விடுமுன் விரித்துப் பார்த்தேன். ஆளுக்கு மூன்று நிமிஷம் ஆயிற்று. "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். கொஞ்சம் பேர் அண்ணன் பக்கம் நகர்ந்தார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு வரிசையும் ஏறக்குறைய ஒரே நீளம்.

சாயங்காலம் டீயைக் கேஷ் ரூமுக்கே வரவழைத்து, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் பாக்கெட்டை மற்றவர் விரித்துப் பார்த்தோம். ஒன்றுகூடத் தப்பில்லை. ஏழரைக்கு மேனேஜர் ஒரு சாவி, அண்ணன் ஒரு சாவி என்று பெட்டகத்தைப் பூட்டினார்கள். அந்த வாரத்தில் அதுதான் சீக்கிரம்.

படியிறங்கும்போது மேனேஜர் என் தோளில் கை போட்டார்.

"என்னப்பா, இன்னைக்குக் கொஞ்சம் ஸ்லோவாயிட்டே?"