அம்மா வேலைக்குப் போன பிறகு பிள்ளை யாரோடு?

"கஷ்டத்தாலதான் பிள்ளையள் சீரழியுதுகள்" என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சிறுவர் பாதுகாப்புக் கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள். அரைவாசிதான் உண்மை. அஸ்வெசும என்ற அரச உதவிப்பணம் எடுக்கிற எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் ஒரு குறையுமில்லாமல் வளர்கிறார்கள். தனித்து நிற்கும் தாய், கிழமைக்குக் கிழமை வரும் நுண்கடன்காரர், வீட்டுக்குள் குடி, கூப்பிட்டால் ஓடிவர உறவில்லாத குடியேற்றம் என்று இரண்டு மூன்று ஒன்றாய்ச் சேரும் வீட்டில்தான் கவனம் வேண்டும்.

அப்படியான வீட்டுக்குப் போனால், வருமானத்தை விட்டுவிட்டுப் பிள்ளையின் 24 மணித்தியாலத்தைக் கேட்டு எழுதுங்கள். விடியுமுன் தாய் காமன்ற் (ஆடைத் தொழிற்சாலை) பஸ் ஏறினால், பள்ளிக்கூடம் தொடங்கும் 7.30 வரை யார் பார்க்கிறது? 1.30க்குப் பள்ளி விட்டபின் யார்? இரவு யார் எங்கே படுக்கிறார்கள்? "அம்மம்மா பார்க்கிறா" என்ற பதிலோடு எழும்பி வராதீர்கள். அவவுக்குக் கண் தெரியுமா, காது கேட்குமா, மத்தியானம் அவ கண்ணயர்ந்த நேரம் வீட்டுக்கு யார் வந்து போகிறது? தீங்கு செய்பவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்தவர்தான். "நல்ல மனுசன், பிள்ளைக்கு எல்லாம் வாங்கித் தாறவர்" என்று யாரையாவது சொன்னால், அந்த மனுசனைப் பற்றி இன்னும் நாலு கேள்வி கேளுங்கள்.

ஒரேயொரு சீருடை, ஆனால் தோய்த்துக் காய்ந்திருக்கிறது என்றால் அது வறுமை. புண் சீழ் பிடித்தும் ஆஸ்பத்திரிக்குக் காட்டவில்லை என்றால் புறக்கணிப்பாக இருக்கலாம். அதையும் பஸ் காசு இருந்ததா, அன்றைய கூலி போகுமா என்று கேட்டபிறகே எழுதவேண்டும். வகுப்பு இடாப்பு, அதாவது வரவுப் பதிவு, நிறையச் சொல்லும். அருவிவெட்டுக் காலத்தில் வராத பிள்ளை வேறு, திங்கட்கிழமைகளில் மட்டும் வராத பிள்ளை வேறு. சனி, ஞாயிறு வீட்டில் என்ன நடக்கிறது? தாய் போகவேண்டிய நுண்கடன் கூட்டம் நடக்கும் நாளிலெல்லாம் மூத்த பெண்பிள்ளை வராவிட்டால், தம்பியைப் பார்க்க அவளை மறித்திருக்கலாம்.

பிள்ளை வாய் திறந்து சொன்னால் ஒருமுறை கேளுங்கள். "சொன்னது நல்லது பிள்ளை, உங்களில பிழையில்லை" என்பது போதும். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதிபர், விதானையார் (கிராம அலுவலர்), பெரியம்மா என்று ஆளாளுக்குத் திரும்பக் கேட்டால் பிள்ளை சொல்வது மாறும். வழக்கில் அதையே பிடிப்பார்கள். பிள்ளை சொன்ன சொல்லிலேயே நேரத்தோடு எழுதிவையுங்கள். அண்மையில் நடந்த பாலியல் துன்புறுத்தல் என்றால் குளிக்கவார்க்க வேண்டாம். உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் போடுங்கள். பொலித்தீனுக்குள் ஈரம் நின்று தடயம் பழுதாகிவிடும். சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு எந்நேரமும் அழைக்கலாம். இன்றிரவே ஆபத்து என்றால் பொலிஸ். மற்றப்படி பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்.

எங்கள் ஊர்களில் காரியம் கெடுவது, பொலிசுக்குப் போகாமல் "பேசித் தீர்ப்பம்" என்று உட்காரும்போதுதான். 16 வயதுக்குக் குறைந்தவள் "விரும்பித்தான் போனாள்" என்ற கதை சட்டத்தில் எடுபடாது; அது வன்புணர்வு.

பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விடுவது கடைசி வழி. நம்பக்கூடிய உறவு இருந்தால், நன்னடத்தை அலுவலர் மூலம் நீதிமன்றக் கட்டளை பெற்று அங்கே விடலாம். பாடசாலை விடுகைப் பத்திரமும் சுகாதாரப் பதிவேடும் வேண்டும். அதை எடுத்துவரப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தீங்கு செய்த ஆள் அங்கேயே இருக்கலாம்.