சித்தப்பாவா, மாமாவா?

அறிவியல் கட்டுரைகளைத் தமிழாக்கிப் பிழைப்பவன் நான். வாயில் நுழையாத வேதிப்பெயர்கூட என்னை அதிகம் படுத்தியதில்லை. ‘அங்கிள்’ என்ற சாதுவான சொல்தான் இரண்டு நாள் உட்கார வைத்தது.

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் குன்றுகளில் ஹேசில்டன் நார்த் என்றொரு கல்லறை மேடு. ஏறக்குறைய 5,700 ஆண்டுகளுக்கு முன் விவசாயக் குடிகள் எழுப்பியது. அங்கிருந்த 35 பேரின் மரபணுவைப் படித்த ஆய்வு 2022-இல் வந்தது. 27 பேர் ஒரே வம்சம், ஐந்து தலைமுறை. அதைப் பற்றிய கட்டுரைதான் என் மேசையில்.

அதன் விளக்கப் பெட்டியில் ‘இரண்டாம் நிலை உறவு’ என்றிருந்தது. மரபணுவில் ஏறத்தாழ கால் பங்கு ஒத்துப்போகும் தாத்தா பேரன், ஒரு தகப்பனின் வேறு தாய்ப் பிள்ளைகள், ‘அங்கிள்’ எல்லாரும் இதில் அடக்கம். அந்த அங்கிள் யார்? அப்பா கூடப் பிறந்தவரா, அம்மா கூடப் பிறந்தவரா? அப்பா வழி என்றால் மூத்தவரா, இளையவரா? இது தெரியாமல் தமிழில் ஒருவரைக் கூப்பிடவே முடியாது.

“உறவினர்னு போட்டுட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்க தம்பி,” என்றார் ஆசிரியரம்மா.

மனசு கேட்கவில்லை. தோண்டிப் படித்தேன். ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவது. மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து வருவது. முன்னது ஒத்துப்போனால் அப்பா வழி, பின்னது ஒத்துப்போனால் தாய்மாமன் என்று ஊகிக்க இடமுண்டு. பெரியப்பாவா சித்தப்பாவா என்பதை மட்டும் எந்த எலும்பும் சொல்லாது.

அந்த வம்சத்தின் மூலவனுக்கு நான்கு பெண்களிடம் பிள்ளைகள். ஒருவரைக் கல்லறையின் வடபுறம் வைப்பதா தென்புறம் வைப்பதா என்பதையே அவர் எந்தத் தாயின் வழி என்பதுதான் பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது. ‘மூத்த தாரத்து மக்கள்’ என்று கை தானாக எழுதியது. நால்வரில் மூத்தவள் யாரென்று எனக்கு யார் சொன்னது? அடித்தேன். வளர்ந்த மகள்களை அங்கே காணோம். ‘கட்டிக்கொடுத்துவிட்டார்கள்’ என்று எழுதினேன், அதையும் அடித்தேன். வெளியே போய் வாழ்ந்திருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்கள் கருத்து. தாலியும் சீரும் நான் சேர்த்தவை.

வம்சத்து ஆண் ஒருவனுக்குப் பிள்ளை பெற்றவளின் மகன், ஆனால் பிறந்தது வேறொருவனுக்கு. அப்படிப்பட்டவர்களையும் உள்ளேயே வைத்திருக்கிறார்கள். ‘தத்துப்பிள்ளை’ என்றால் சடங்கு வந்துவிடும். ‘கூட்டி வந்த பிள்ளை’ என்றால் அவன் முன்பே பிறந்தவன் என்றாகிவிடும். ‘வேறொருவனுக்குப் பிறந்த அவள் மகன்’ என்று நீட்டித்தான் எழுத முடிந்தது.

கொஞ்ச நாள் கழித்துத் துருக்கியின் சாத்தல்ஹூயுக் என்ற பழைய குடியிருப்பைப் பற்றிய கட்டுரை வந்தது. 9,000 ஆண்டுப் பழமை; கூரை வழியே ஏணியில் இறங்கும் வீடுகள், இறந்தவர்கள் தரைக்கு அடியில். 2025-இல் வெளியான ஆய்வு 131 பேரைப் படித்தது. ஒரு வீட்டுத் தரைக்கடியில் இருந்தவர்களுக்குள் இரத்த உறவு இருந்தால், அது பெரும்பாலும் தாய் வழி. ஆனால் காலம் செல்லச் செல்ல, ஒரே தரைக்கடியில் ஒட்டுறவே இல்லாத குழந்தைகள்.

ஓரத்தில் ஆசிரியரம்மா கேட்டிருந்தார்: “அண்ணன் தம்பிகளா?”

‘ஒரே வீட்டுப் பிள்ளைகள்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.