டார்க்கிங் போரும் அதற்குப் பின் வந்தவையும்: வாசிப்பு நாட்குறிப்பு

மே 4

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ‘டார்க்கிங் போர்’ எடுத்தேன். சின்னக் கதைதான், ஒரே மூச்சில் முடிந்துவிட்டது. 1871 மே மாதம் பிளாக்வுட்ஸ் பத்திரிகையில் ஆசிரியர் பெயர் போடாமல் வந்தது. எழுதியவர் ஜார்ஜ் செஸ்னி, இந்தியாவில் பணியாற்றிய ராணுவப் பொறியாளர்.

போர் முடிந்து ஐம்பது வருஷம் கழித்து ஒரு தாத்தா பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதாகக் கதை போகிறது. இங்கிலாந்தின் படைகள் ஊர் உலகமெல்லாம் சிதறிக் கிடக்கும் நேரம். கப்பற்படை எதிரியைத் தேடிப் போய், கடலில் அவன் வைத்த புதுவகை வெடிகளுக்குப் பலியாகிறது. எதிரி தென்கரையில் இறங்கி லண்டனை நோக்கி வருகிறான். லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில், டார்க்கிங் ஊரை ஒட்டிய குன்றுத்தொடரில் அவனை மறிக்கப் பார்க்கிறார்கள், முடியவில்லை. வந்தவன் எந்த நாட்டுக்காரன் என்று செஸ்னி சொல்வதே இல்லை. ஆனால் அவன் வாயில் வருவது ஜெர்மன்.

மே 5

இந்தக் கதை அன்றைக்கு ஏன் அப்படிச் சுட்டது என்று புரிய முந்தைய வருஷத்தைப் பார்க்க வேண்டும். 1870 செப்டம்பரில் செடான் போரில் பிரெஞ்சுப் பேரரசரே, ஜெர்மன் அரசுகளில் பெரியதான பிரஷ்யாவின் படையிடம் சிறைப்பட்டார். 1871 ஜனவரி 18 அன்று, பிரான்ஸ் மன்னர்கள் கட்டிய வெர்சாய் அரண்மனையிலேயே ஜெர்மன் பேரரசு பிரகடனம் ஆனது. ஐரோப்பாவின் பெரிய படை என்று பெயர் வாங்கியிருந்த ஒன்று சில மாதத்தில் சரிந்துவிட்டது. ‘அடுத்து நாமா?’ என்ற கேள்வி எல்லோர் மனசிலும் இருந்தது. செஸ்னி அதற்கு ஊர் பெயரோடு பதில் எழுதிவிட்டார். ஆறு பென்னி விலையில் தனிப் பிரசுரமாகப் போட்டதும் பல்லாயிரக்கணக்கில் விற்றது. மறுப்புக் கதைகளும் தொடர்ச்சிக் கதைகளும் வரிசை கட்டின.

கதை வந்த 1871 செப்டம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் விட்பி என்ற கடற்கரை ஊரில் பேசும்போது, இந்தப் பீதிக்கு இடம் கொடுக்காதீர்கள் என்று மக்களை எச்சரித்தார். ஒரு சிறுகதைக்குப் பிரதமர் மேடையில் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கிறது!

மே 8

கடைசிப் பக்கங்களைத் திரும்பப் படித்தேன். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கதை சொல்பவரும் அவருடைய நண்பர் ட்ராவர்ஸும் தொண்டர் படையில் சேர்ந்தவர்கள். துப்பாக்கி பிடிக்கப் பழகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஆளில்லை, சாப்பாடு நேரத்துக்கு வருவதில்லை. வீரம் குறைந்து தோற்றதாக செஸ்னி எழுதவில்லை. சோறும் உத்தரவும் வந்து சேராமல் தோற்றதாக எழுதுகிறார். நிர்வாகத்தை உள்ளிருந்து பார்த்த பொறியாளரின் கண் அது.

தோற்ற பிறகு, காயம்பட்ட ட்ராவர்ஸை லண்டனுக்கு வெளியே சர்பிட்டனில் இருக்கும் அவர் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். அவர் பிழைக்கவில்லை. குண்டுச் சிதறல் பட்டு அவருடைய சின்னப் பையனும் செத்துப்போகிறான். அதே வீட்டுச் சாப்பாட்டு அறையில் எதிரிச் சிப்பாய்கள் உட்கார்ந்து தின்கிறார்கள். ஒருவன் வெள்ளி முள்கரண்டியால் மாட்டிறைச்சித் துண்டை வாயில் திணிக்கிறான். இன்னொருவன் அழுக்குக் கால்களை மேஜைமேல் நீட்டிக்கொண்டு, செத்தவருடைய சுருட்டைப் பிடிக்கிறான். இந்த ஆங்கிலத் தொண்டர்கள் நல்ல வீரர்கள் என்று முதலாமவன் சொல்ல, ஆமாம், நன்றாக ஓடுகிறார்கள் என்கிறான் மற்றவன்.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். போர்க்களம் மறந்துபோகும், இந்த மேஜை மறக்காது.

மே 9

நேற்றிலிருந்து ஒன்று மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. செஸ்னி 1857 டெல்லி முற்றுகையில் இருந்தவர், பலத்த காயம் பட்டவர். நகரம் விழுந்த பிறகு ஆங்கிலப் படை அங்கே நாள் கணக்கில் வீடு புகுந்து கொள்ளையடித்தது. கொள்ளைப் பொருளைச் சேகரிக்கவென்றே அதிகாரிகள் நியமிக்கப்பட்டு, சுவரையும் தரையையும் இடித்துத் தேடினார்கள். அடுத்தவன் வீட்டில் புகுந்த படை எப்படி நடந்துகொள்ளும் என்று செஸ்னிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை என்றே நினைக்கிறேன். அந்தச் சாப்பாட்டு அறையை அவர் மறுபக்கத்திலிருந்து அறிந்தவர். கதை வெளியான அதே 1871இல்தான், இந்தியப் பொதுப்பணித் துறைக்குப் பொறியாளர்களைத் தயார்செய்ய சர்ரேயில் கூப்பர்ஸ் ஹில் கல்லூரி அவர் தலைமையில் தொடங்கியது.

அவர் சொல்லாமல் விட்டதை எச். ஜி. வெல்ஸ் 1898இல் நேராகவே சொல்லிவிட்டார். ‘உலகங்களின் போர்’ நாவலில் செவ்வாய்க்காரர்கள் இறங்குவதும் அதே சர்ரேயில், வோக்கிங் பக்கத்தில். அவர்களைக் குறைசொல்லும் முன், டாஸ்மேனியப் பழங்குடிகளை ஐரோப்பியர்கள் என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதுகிறார்.

மே 13

வில்லியம் லெ க்யூவின் ‘1910 படையெடுப்பு’. 1906இல் டெய்லி மெயில் நாளிதழில் தொடராக வந்தது. எந்த ஊர்களில் பத்திரிகை விற்குமோ அந்த ஊர்கள் வழியாக ஜெர்மன் படை வரும்படி, முதலாளி நார்த்கிளிஃப் பாதையை மாற்றச் சொன்னார். விளம்பரப் பலகை தூக்கியவர்களுக்கு பிரஷ்யச் சீருடை மாட்டி லண்டன் தெருக்களில் நடக்கவிட்டார்கள். பயத்தை இப்படிச் சரக்காக்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பக்கம் பக்கமாகப் படித்தும் ஒரு மனுஷ முகம்கூட மனசில் தங்கவில்லை.

மே 17

கிளாட்ஸ்டன் பேசிய அந்த விட்பியை 1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் நிஜமாகவே சுட்டன. ஸ்கார்பரோவும் ஹார்ட்டில்பூலும் அன்றைக்கே சுடப்பட்டன. விட்பியின் பழைய மடாலய இடிபாடுகளிலும் குண்டு விழுந்தது. படை இறங்கவில்லை, சுட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

அதற்கு மூன்று மாதம் முன்பே மெட்ராஸ் சுடப்பட்டுவிட்டது! செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்தபோது துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, ஜனங்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். தயாராக இல்லாத கரை என்று இங்கிலாந்தில் நாற்பது வருஷமாகக் கதை எழுதினார்கள். அதில் மெட்ராஸை நினைத்தவர் யாராவது உண்டா?

மே 22

ஆங்கில எழுத்தாளர் சாகியின் ‘வில்லியம் வந்தபோது’, 1913. வில்லியம் என்பது ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம். சாகி பிறந்தது பர்மாவில், அப்பா அங்கே போலீஸ் அதிகாரி. இந்த நாவலில் போர் ஏற்கெனவே முடிந்துவிட்டது. யோவில் என்பவர் வெளிநாட்டில் காய்ச்சலில் கிடந்துவிட்டு ஊர் திரும்பினால் லண்டன் ஜெர்மன் ஆட்சியில் இருக்கிறது. அவர் மனைவி சிசிலி புது எஜமானர்களோடு விருந்துக்குப் போகப் பழகிவிட்டாள். சாகி அவளைத் திட்டவில்லை, அவள் பக்கத்து நியாயத்தையும் எழுதுகிறார். செஸ்னியின் சிப்பாய்கள் மேஜையில் காலை நீட்டினார்கள். இங்கே மேஜையை விரித்து அழைப்பது வீட்டுக்காரியே.

புது அரசு ஆணை ஒன்று வருகிறது: ஆங்கிலேயர்கள் ராணுவத்தில் சேர வேண்டாம், ஆயுதப் பயிற்சியும் கூடாது, அதற்குப் பதில் வரி கட்டினால் போதும். யோவில் அதைப் படிக்கும் இடத்தில் அவமானம் நெருப்பாக எரிகிறது. உரிமம் இல்லாமல் இந்தியர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று லிட்டன் பிரபு 1878இல் கொண்டுவந்த சட்டம், இந்த நாவல் அச்சானபோதும் இங்கே அமலில்தான் இருந்தது.